குபூஸ் கடை அர்பாப் நடத்திய தேர்தல்

துபாயில் தேர்தல் நடத்தத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் குபூஸ் கடை அர்பாப்தான் என்று அடித்துச் சொல்வேன். பர் துபாயில் நாங்கள் பன்னிரண்டு பேர் கட்டில் போட்டுக் குடியிருந்த ஃபிளாட்டுக்குக் கீழே அவர் கடை. அர்பாப் என்றால் முதலாளி. ஈரானியர், எண்பதைத் தாண்டியவர், எங்களுக்கு ரொட்டி விற்றே தமிழ் கற்றவர்.

நமக்கு எத்தனை ரொட்டி வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். மூன்று கேட்டால் முகத்தைப் பார்த்து, "உனக்கு ரெண்டு போதும், யல்லா!" என்று விரட்டுவார். ரத்தம் அப்படி. அவருடைய அப்பா ஈரானில் ஏழு கிராமங்களுக்கு நிலச்சுவான்தார். வாலிபத்தில் அங்கே தான் நடத்திய தேர்தலைப் பற்றி அர்பாப் பெருமையாகச் சொல்வார்:

"பார்லிமென்ட் எலக்‌ஷன்னா ஜனம் லாரில வரும். சீட்டுல பேரு நானே எழுதி வச்சிருப்பேன். வாங்கணும், பெட்டில போடணும், புலாவ் சாப்பிடணும். கலாஸ், முடிஞ்சுது!"

"யாரு பேருன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா நிலம் மாஃபி, கிடையாது."

எங்கள் ஃபிளாட்டின் நிலச்சுவான்தார் சுப்பையா. வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். எங்கள் மெஸ்ஸில் சமைத்த காசி அண்ணனை அனுப்பிவிட்டுத் தன் மச்சானை வைக்க நினைத்தார். வேலை போனால் அண்ணன் ஊருக்குத்தான் போகவேண்டும். மகள் நர்சிங் படிப்பைப் பாதியில் விடவேண்டும். நாங்கள் முனகியதும், "சரி, ஓட்டு வச்சுக்கலாம்" என்றார் சுப்பையா. பன்னிரண்டு சீட்டிலும் மச்சான் பெயரை அவரே எழுதி, அனுபவஸ்தர் என்று தேர்தலை நடத்தித்தர அர்பாபிடம் கொடுத்தார். எங்களுக்கோ எதிர்த்தால் கட்டில் போய்விடுமே என்ற பயம்.

ஞாயிறு மதியம் அர்பாப் பிஸ்கட் டின்னோடு மாடியேறி வந்தார். சீட்டைப் பிரித்தால், வெறும் தாள்!

"அவன் எழுதினது தந்தூர் அடுப்புல எரிஞ்சுபோச்சு. இப்ப நீ எழுது" என்று பேனாவை நீட்டினார்.

காசி அண்ணனுக்குப் பதினொன்று, மச்சானுக்கு ஒன்று. சுப்பையா கையெழுத்துகளைப் பார்க்கப் பாய்ந்தார். டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு அர்பாப் படியிறங்கினார். "பாக்கணுமா? தந்தூர்ல வந்து பாரு!"

மறுநாள் கடையில், "என்ன அர்பாப், கட்சி மாறிட்டீங்களா?" என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு லாரில வந்தவங்கள்ல ஹசன்னு ஒருத்தன். 'என்னைக் கேக்காம ஏன் எழுதின?'ன்னான். நான் அப்பாகிட்ட சொல்லிட்டேன். அவன் நிலம் போச்சு."

மாவைத் தட்டியபடி, வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் கேட்டார்: "உனக்கு எத்தனை வேணும், பாய்?"

"நீங்களே சொல்லுங்க, அர்பாப்" என்றேன்.