மூச்சு விடாதே அங்கிள்

மெல்பர்னுக்கு வந்த நாள் முதல் எத்தனையோ பேரிடம் எத்தனையோ அனுமதி கேட்டு அலுத்துவிட்டேன். ஆனால் மூச்சு விட அனுமதி கேட்டது ஒரே ஒரு மனிதரிடம்தான். விசா அலுவலகம்கூட அந்த அளவுக்குப் போனதில்லை.

நகர ஓரத்து ட்ருகனினாவில் என் பக்கத்து அறைக்காரர் அந்த அங்கிள். யாழ்ப்பாணத்துக்காரர், ஆய்வுக்கூடத்தில் வேலை. சனிக்கிழமைதோறும் வீடுகள் முடிகிற வெட்டவெளிக்குப் போய், இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் காற்றுப் பிடிப்பார். காற்றில் கனமான கார்பன், லேசான கார்பன் என்று உண்டாம். நிலக்கரியும் பெட்ரோலும் எரிய எரிய லேசானது கூடுகிறதாம். அதை ஒரு வாரமும் விடாமல் அளப்பதே அவர் பிறவிப் பயன். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வாரமெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்கி இடுப்பொடிந்த நான்தான் டிரைவர்.

"தம்பி, காத்து வாற பக்கம் பாத்து நில். மூச்சு விடாத!"

ஒருநாள் காற்று வரும் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் பார்பிக்யூ மூட்டினார். அங்கிள் போய் என்ன சொன்னாரோ, அந்த மனுஷன் அடுப்பை அணைத்துவிட்டு, பாதி வெந்த சாசேஜோடு கால் மணி நேரம் நின்றார். பாவம்.

எனக்கோ களைப்பில் பெருமூச்சு தானாக வரும். ஒருமுறை குடுவை திறந்திருந்த நேரம் பார்த்து வந்து தொலைத்தது. செவ்வாய்க்கிழமை அங்கிள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"சீனியை விட்டிட்டன் எண்டெல்லோ சொன்னனி?"

"ஆமா அங்கிள்."

"பொய். குடுவைக்குள்ள கரும்பு நிக்குது!"

கரும்பின் கார்பன் அரிசியின் கார்பனைவிடக் கொஞ்சம் கனமாம். மூச்சிலேயே காட்டிக் கொடுத்துவிடுமாம். இன்னொரு குடுவை தப்பியதால் அந்த வாரம் பிழைத்தது. என் தேநீர்தான் பிழைக்கவில்லை.

பிறகு அவருக்கு இருதயக் குழாயில் அடைப்பு. வெள்ளிக்கிழமை சிகிச்சைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்தார். சொத்து விவரம் ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன்.

"தம்பி, நாளைக்குச் சனி. ஒரு கிழமை விட்டாலும் கணக்கில ஓட்டைதான்."

எரிச்சலாக வந்தது. பயமாகவும் இருந்தது. மறுநாள் காலை தனியாகப் போனேன். குளிரில் பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, இரண்டையும் நிரப்பி மூடினேன். போன் அடித்தது. அங்கிள்தான். குரலே எழும்பவில்லை.

"பிடிச்சனியோ?"

"ரெண்டும் பிடிச்சாச்சு. மூச்சே விடல அங்கிள்."

"சரி, இப்ப விடு அப்பன். களைச்சுப் போனாய்."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. போனில் அவர் மூச்சு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது. வைக்க மனமில்லாமல், அதையே கேட்டுக்கொண்டு நின்றேன்.