நிபுணர் போட்ட கட்டங்கள்

"ஓடுது! வந்து பாரு, ஓடுது!" என்று கத்திக்கொண்டே நிபுணர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்து சேர்வதற்குள் திரை கறுத்துவிட்டது.

"எங்க ஓடுது?"

"இப்பத்தான் ஓடிட்டிருந்துச்சு."

"இதையேதான் எட்டு மணிக்கும் சொன்னீங்க, ஒம்போது மணிக்கும் சொன்னீங்க."

அன்று திங்கட்கிழமை. ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். திரை பட்டென்று கறுக்கும், பெட்டிக்குள் விசிறி ஓவென்று அலறும், பிறகு கம்ப்யூட்டர் எதுவுமே நடக்காத மாதிரி முதலிலிருந்து கண் விழிக்கும்.

நிபுணர் என்பது ஆபீஸில் வைத்த பெயர். ஒரு காலத்தில் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை அவர் கிழியாமல் வெளியே இழுத்துவிட்டார். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. கேலிக்குத்தான் வைத்தார்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. உண்மையான வேலை, வீடுகளுக்குச் சமையலறை அலமாரி வடிவமைப்பது. கம்ப்யூட்டரில் வரைந்த சமையலறைக்குள் வாடிக்கையாளரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பெரிய கிராபிக்ஸ் கார்டு.

மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு கூடத்தில் சாய்ந்திருந்தார். மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மத்தியான ஷிப்ட். அவளுடைய லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. அதனால் நிபுணர் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, ஆறு வாரம் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தார். கையோடு ஒரு நாற்காலியும் வாங்கினார். பளபளக்கும் கறுப்பு ரெக்ஸின், ஐந்து சக்கரம், உட்கார்ந்தால் புஸ்ஸென்று மூச்சுவிட்டுத் தாழ்ந்து கொடுக்கும். ஆபீஸில் முதலாளிக்குக்கூட அப்படி ஒன்று கிடையாது.

பத்து மணிக்கு முதலாளி போன் செய்தார்.

"வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கஸ்டமரோட லைன்ல வரேன். போன தடவை மாதிரி கறுப்புத் திரையைக் காட்டினீங்கன்னா, அடுத்த திங்கக்கிழமை ஆபீஸுக்குக் கிளம்பி வந்துடுங்க."

"சார், மாமாவைத் தனியா விட்டுட்டு எப்படி..."

"அதான் சொல்றேன், சரி பண்ணுங்க. நீங்கதான் நிபுணராச்சே."

மாவுக்கட்டுக் காலோடு ஒரு மனிதர் மத்தியானம் முழுக்கத் தனியாகத் தண்ணீருக்குத் தவிப்பதை நிபுணரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முதலில் டிரைவரை மாற்றினார். அதாவது கார்டை வேலை வாங்கும் மென்பொருளை. பழையதை நீக்கிப் புதியதைப் போட்டதும் எழுத்துகள் எல்லாம் கடைப் பெயர்ப் பலகை அளவுக்கு வீங்கின. வெள்ளை அலமாரிகள் ஊதா நிறத்துக்கு மாறின. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்.

"ஓடுது!" என்று எழுந்தார். திரை செத்தது.

"நீங்க ஏன் ஓடுது ஓடுதுன்னு ஏலம் போடறீங்க?" என்றாள் மனைவி. "இனிமே ஓடினா வாயைத் திறக்காதீங்க."

அதிலும் ஏதோ இருக்கலாம் என்று நிபுணருக்குத் தோன்றியது. அடுத்த முறை ஓடியபோது மூச்சுக் காட்டாமல் எழுந்து, கையை மட்டும் ஆட்டி அவளைக் கூப்பிட்டார். அதற்கும் திரை கறுத்தது.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒரு தலையணைக்கு ஆகும் அளவுக்குத் தூசி. ஊதினார், தும்மினார். தும்மிய வேகத்தில் ஒரு ஸ்க்ரூ எங்கோ பறந்தது. கார்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் அழுந்தத் தேய்த்து, மறுபடி மாட்டி மூடினார். மேஜை மேல் இரண்டு ஸ்க்ரூ மிச்சம் இருந்தன.

"ஒண்ணு தொலைஞ்சுபோச்சு, ரெண்டு மிச்சமாயிடுச்சா? கணக்கு நல்லா வருதே" என்றாள் மனைவி.

இப்போது கம்ப்யூட்டர் கறுக்கவில்லை. விழித்தால்தானே கறுப்பதற்கு.

பெட்டியைக் குழந்தை போல அணைத்துக்கொண்டு மெக்கானிக் கடைக்கு ஓடினார். மெக்கானிக் கார்டை ஒரு அழுத்து அழுத்தினார். கம்ப்யூட்டர் விழித்தது. அவரே ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து சாயங்காலம்வரை அதை ஓட்டிப் பார்த்தார். ஒரு சிமிட்டல்கூட இல்லை.

"கார்டு தங்கமா இருக்கு சார். ஒண்ணே ஒண்ணு, இதைத் தொடும்போது நைலான், ரெக்ஸின் இதெல்லாம் உடம்புல உரசக் கூடாது. உரசினா உடம்புல கரன்ட் ஏறிக்கும். தொடாம பக்கத்துல இருந்தாக்கூட அது இந்தச் சாமானுக்கு ஆகாது."

"எனக்குத் தெரியாதா?" என்றார் நிபுணர். தெரியாது. வீட்டுக்கு வந்ததும் நைலான் சட்டையைக் கழற்றிவிட்டுப் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து அரை மணி நேரம் வேலை பார்த்தார். தண்ணீர் குடிக்க எழுந்தார். திரை கறுத்தது. கதவுப் பிடியைத் தொட்டபோது விரலில் சுரீரென்று ஷாக் அடித்தது.

"வீட்லதான் கோளாறு!" என்று முழங்கினார்.

புதன்கிழமை காலை எலக்ட்ரீஷியன் வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிளக்காகக் குத்திப் பார்த்தார்.

"வயரிங் சுத்தமா இருக்கு சார்."

"அப்ப எனக்கு ஷாக் அடிச்சது?"

"வயர்லேர்ந்து அடிக்கல."

"வேற எங்கேருந்து அடிச்சது?"

"அதை நீங்கதான் சொல்லணும். நிபுணர்னு கேள்விப்பட்டேன்."

அன்றுதான் நிபுணர் நோட்டுப் போட்டார். அடிக்கோலால் கோடு இழுத்து, வீட்டில் சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்: மனைவி, மாமனார், பிரிட்ஜ், துவைக்கும் மெஷின், டிவி, அயர்ன் பாக்ஸ். திரை கறுக்கும்போதெல்லாம் எழுதினார். "10.12. மனைவி: வெங்காயம் நறுக்கினாள். மாமனார்: விளம்பரம் பார்த்தார். பிரிட்ஜ்: உறுமியது." மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் நிறைந்தது. எல்லோருமே குற்றவாளிகளாகத் தெரிந்தார்கள்.

முதலில் டிவியை நிறுத்தினார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் மாமா. கோவிச்சுக்காதீங்க."

"பரவால்ல மாப்ள" என்றார் மாமனார். காதில் மாட்டியிருந்த மெஷினைச் சரிசெய்துகொண்டார். "ஆனா டிவி ஓடாதப்ப சுவத்தைப் பாத்துட்டு என்ன பண்றது? என்னைக் கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பிவிடுங்க."

மாவுக்கட்டுக் காலோடு அவரைத் தன் மேஜைப் பக்கமாகத் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார் நிபுணர்.

டிவி போயும் திரை கறுத்தது. துவைக்கும் மெஷினுக்குத் தடை விதித்தார். அழுக்குத் துணி மூலையில் மலையாக வளர்ந்தது. அயர்ன் பாக்ஸுக்கும் தடை. மனைவி கசங்கிய சேலையில் வேலைக்குப் போனாள். வியாழக்கிழமை பிரிட்ஜையும் நிறுத்தினார். மாலைக்குள் பால் திரிந்தது.

"அடுத்து என் பிளக்கையும் பிடுங்கிடுவீங்களா?" என்று வேலையிலிருந்து திரும்பிய மனைவி கேட்டாள்.

"நீ வெங்காயம் நறுக்காம இருந்தாப் போதும்."

அவள் பார்த்த பார்வையில் நிபுணருக்கே தன்மேல் வெட்கம் வந்தது. ஆனாலும் நோட்டில் எழுதிக்கொண்டார்: "6.40. மனைவி: முறைத்தாள்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வீடே மூச்சை அடக்கிக்கொண்டது. மனைவி சமையலறை வாசலில் அசையாமல் நின்றாள். முதலாளியும் கஸ்டமரும் லைனில் வந்தார்கள். கஸ்டமர் ஒரு பல் டாக்டர் அம்மா.

நிபுணர் நாற்காலியில் ஒட்டிக்கொண்டு அவரைத் திரையில் வரைந்த சமையலறைக்குள் அழைத்துப்போனார். இழுப்பறைகள் வழுக்கிக்கொண்டு திறந்தன. மூலை அலமாரி வளைந்து வந்து பாத்திரங்களை நீட்டியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், முப்பது நிமிடம். ஒரு சிமிட்டல் இல்லை. நிபுணருக்கு நம்பவே முடியவில்லை.

"ரொம்ப அழகா யோசிச்சிருக்கீங்க" என்றார் டாக்டர் அம்மா. "ஜன்னல் பக்கத்துலேர்ந்து ஒரு தடவை காட்டுங்க. பாத்துட்டு முடிவு சொல்லிடறேன்."

வாழ்நாளில் நிபுணரின் வேலையை அழகு என்று யாரும் சொன்னதில்லை. அவரையும் அறியாமல் கைகூப்பிக்கொண்டு எழுந்தார்.

"ரொம்ப நன்றி டாக்டர்..."

திரை கறுத்தது. விசிறி அலறியது.

அடுத்த நொடி போன் அடித்தது. முதலாளியின் குரல் மிக அமைதியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"அவங்க காபி குடிக்கறாங்க. பத்து நிமிஷம் தரேன். அதுக்கு மேல முடியாது."

நிபுணர் தலையைப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். மனைவி பக்கத்தில் வந்தாள்.

"என்னை மன்னிச்சுடு" என்றார். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பிரிண்டர்ல காகிதம் இழுக்கறது ஒண்ணுதான். உங்க அப்பாவை ஆறு வாரம் பாத்துக்கறேன்னு சொன்னேன். ஒரு வாரம்கூட ஒழுங்காப் பாத்துக்க முடியல."

அவளுக்கு மனசு இளகிவிட்டது. "இன்னும் பத்து நிமிஷம் இருக்குல்ல. யோசிங்க. வீட்ல வேற என்ன மிச்சம் இருக்கு?"

நிபுணர் நோட்டைப் புரட்டினார். பிரிட்ஜ் இல்லை, டிவி இல்லை, மெஷின் இல்லை. மனைவி வெங்காயத்தைத் தொடவில்லை. கண்கள் மெதுவாகக் கூடத்தைச் சுற்றிவந்து மாமனாரின் காதில் நிலைத்தன.

அதற்குள்ளும் ஒரு பாட்டரி இருக்கிறது!

"மாமா" என்றார். கேட்கவே கூச்சமாக இருந்தது. "தப்பா நினைக்காதீங்க. அந்தக் காது மெஷினைக் கொஞ்ச நேரம் கழட்டிக் குடுக்க முடியுமா?"

"ஐயோ, இது என்னங்க கொடுமை!" என்றாள் மனைவி.

மாமனார் கோபிக்கவில்லை. மெஷினைக் கழற்றி, பாட்டரியையும் எடுத்து, மருமகன் உள்ளங்கையில் பத்திரமாக வைத்தார். பிறகு காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னார்:

"காதுதான் மாப்ள போச்சு, கண்ணு நல்லாத் தெரியுது. நீங்க டிவியை நிறுத்தினதுலேர்ந்து மூணு நாளா உங்களைத்தான் பாத்துட்டிருக்கேன். நீங்க அந்தப் புது நாற்காலியை விட்டு எந்திரிக்கும்போது மட்டுந்தான் அது அணையுது!"