போணிக்கு முன்னால் கேட்ட கேள்வி

ஒரு நல்ல கேள்வியை என்னைவிட மோசமாக யாரும் கேட்டிருக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி சரியான கேள்வி. இன்றுவரை அதை வாபஸ் வாங்கவில்லை.

கல்லூரி முடித்ததும், மழையும் வெயிலும் தாறுமாறானால் எந்தத் தொழிலுக்கு என்ன ஆபத்து என்று கணித்துச் சொல்லும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தேன். முதல் அறிக்கைக்கு நான் பிடித்தது பழனி அடிவாரத்தில் தாய்மாமா நடத்தும் பஞ்சாமிர்தக் கடையை. (சொந்தக்காரர், விரட்ட மாட்டார் என்ற நம்பிக்கை.) அவருக்கு மலைவாழைப்பழம் கொடைக்கானல் மலையிலுள்ள பண்ணைக்காட்டு ஊரில் ஒரே தோட்டத்திலிருந்து, ஒரே மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தது. பாதை அடைபட்டால் வியாபாரம் படுத்துவிடும். இதைக் கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கார்த்திகை மாதம், ஐயப்ப பக்தர்கள் கூட்டம். கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு விடிந்ததுமே போய் நின்றேன். இன்னும் போணி ஆகவில்லை. அப்போதுதான் ஒரு பஸ் சாமிமார் கடைக்குள் நுழைந்தார்கள். நான் மேடைக் குரலில் ஆரம்பித்தேன்.

"மாமா, மண்ணு சரிஞ்சு மலை ரோடு அடைஞ்சு போச்சு. பழம் வரல. எத்தன நாளு கடைய மூடுவீங்க?"

(முன்னால் 'ஒரு பேச்சுக்கு' என்று சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கவில்லை.)

குருசாமி திரும்பினார். "ரோடு போச்சா? நாங்க கொடைக்கானல் போகணுமே!"

"இல்லங்க சாமி, இது சும்மா..." என்று நான் இழுப்பதற்குள் நாற்பது பேரும் பஸ் ஏறிவிட்டார்கள். அரை மணி நேரத்தில், மலையே சரிந்துவிட்டதாகத் தெரு முழுக்கப் பேச்சு. சவாரி போச்சே என்று ஜீப்காரர்கள் மாமாவிடம் சண்டைக்கு வந்தார்கள். அன்று அடிவாரத்துத் தொழில்களுக்கு இருந்த ஒரே ஆபத்து நான்தான்.

"ஏலே, போணி ஆகுமுன்ன கடைய மூடச் சொல்றியே, வெளங்குவியா? வெரசா எடத்தக் காலி பண்ணு!" என்று மாமா கத்தினார்.

அவமானத்தில் காது எரிந்தது. ஆனாலும் படியிறங்கி நின்று திருப்பிக் கத்தினேன். "போறேன் மாமா. ஒரே தோட்டத்த நம்பிக் கெடக்கீங்களே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க!" அறிக்கையிலும் அதையே எழுதினேன், ஒரு வரி குறைக்காமல்.

இன்றும் வீட்டு விசேஷங்களில் நான் எதையாவது பேச ஆரம்பித்தாலே, "என்ன மருமகனே, ரோடு இருக்கா?" என்று அத்தை கேட்பார். பந்தியே சிரிக்கும். சிரிக்கட்டும்.

போன கார்த்திகையில் மழை கொட்டி, அந்தப் பாதை நிஜமாகவே நான்கு நாள் அடைபட்டுக் கிடந்தது. மாமா ஒரு நாள்கூடக் கடையை மூடவில்லை. வேறு பாதையில், சிறுமலையிலிருந்தும் பழம் எடுக்கிறாராம். (எப்போதிருந்து என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.) பாதை அடைபட்ட அன்றே சாயங்காலம் போன் பண்ணி என்னைத் திட்டினார்.

"ஒங் கருநாக்காலதாம்லே ரோடு போச்சு!"