சிவப்புக் கோட்டாரும் ஆறுமணிக் குருவியும்

மட்டக்களப்பில் குருவியிடம் பிந்தி வந்ததற்குக் காரணம் கேட்ட ஒரே மனிதர் சிவப்புக் கோட்டார்தான். கந்தோரில் முப்பது வருஷம் தலைமைக் கிளாக்கராக இருந்து, எட்டரை அடித்ததும் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீறிக் கீறியே அந்தப் பெயரைச் சம்பாதித்தவர். பென்சன் எடுத்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை.

புளியந்தீவில் எங்கள் ஒழுங்கை முழுக்கக் குரோட்டனும் ரோசாவும். எங்கள் வேலிக்கு அடுத்த அவர் வளவில் மட்டும் கிளா, காரை, நொச்சி, எருக்கலை என்று காட்டுப் பற்றைகள். அங்கே வந்துபோகிற எல்லாருக்கும் வரவுப் புத்தகத்தில் இடம் உண்டு. எருக்கலைக்கு வரும் வண்ணாத்திப்பூச்சிகள் நிரந்தர ஊழியர். முதல் மழைக்குக் கிளம்பும் ஈசல்கள் ஒரு நாள் கூலி. முதல் மரியாதை ஆறுமணிக் குருவிக்கு. ஐப்பசியில் கடல் தாண்டி வந்து, கிளாப் பற்றைக்குக் கீழே சருகு கிளறி, விடியவும் பொழுதுபடவும் ஆறு மணியளவில் இரட்டைக் குரலில் கத்துகிற கட்டைவால் குருவி. பதினைந்தாம் திகதி தாண்டினால் அதுவும் கோட்டுக்குக் கீழேதான்.

அவருடைய மனைவி செத்த வருஷம், ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர் எல்லாம் எட்டாம் நாள் சடங்குக்குப் பிறகு போய்விட, அந்தக் குருவி மட்டும் பங்குனி வரைக்கும் நின்றதாம். அதைச் சொல்லும்போது அவர் புத்தகத்தைப் பார்க்கமாட்டார்.

ஒரு ஐப்பசியில் இழுப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனார். போகும்போது புத்தகத்தை என்னிடம் தந்தார்.

"தம்பி, அது வந்தா நேரத்த மட்டும் எழுதும். மறுகா நான் பாத்துக்கொள்ளுறன்."

இரண்டாம் நாள் அவர் வளவில் நான் நிற்க, கிளாவுக்குக் கீழே மண்ணிறமாக ஏதோ ஊர்ந்தது. அடுத்த கணம் நான் கிணற்றுக் கட்டில் நின்றேன். எப்படி ஏறினேன் என்பது கர்த்தருக்குத்தான் தெரியும். மெதடிஸ்த குடும்பத்துப் பிள்ளையான நான் மாமாங்கப் பிள்ளையாரையும் விடாமல் கூப்பிட்டேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த என் மனைவி, அது அரணை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் நம்பவில்லை, எனக்கு அது பாம்புதான். கத்தியை எடுத்துப் பற்றையை அடியோடு வெட்டி, எரித்தும் விட்டேன். எல்லாம் முடிந்த பிறகு, விரல் நீள அரணை ஒன்று கல்லில் ஏறி என்னைப் பார்த்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஐயா வந்தார். வெறும் தரையைப் பார்த்தார். ஆடு புகுந்துவிட்டது என்றேன். அவர் குனிந்து அடிக்கட்டையைத் தடவினார்.

"ஆடு கத்தியும் கொண்டா வந்த?"

உண்மையைச் சொன்னேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "பயந்தானே தம்பி, என்ன செய்யிற" என்று மட்டும் சொன்னார்.

அவர் வந்த நாலாம் நாள் மாலை குருவி வந்தது. இருவரும் விறாந்தையில் இருந்தோம். சாம்பலில் இறங்கித் தத்தித் தத்திப் பார்த்தது. பற்றை இருந்த இடத்தில் கொஞ்சம் நின்றது. காகம் ஒன்று பாய, கூரைக்கு மேலால் வாவிப் பக்கம் போய்விட்டது. ஆறு மணி சத்தமில்லாமல் கடந்தது.

எழுதவா என்று கேட்டேன்.

"வேணாம். நிண்டாத்தானே வரவு."

தை பிறக்கும் முன் அவர் போய்விட்டார். செத்தவீட்டில் எல்லாரும் அவருடைய கதைகளைச் சொல்லிச் சிரித்தார்கள். அதிகம் சொல்லிச் சிரிக்கவைத்தவன் நான்தான். கிணற்றடிக்கு முகம் கழுவப் போனவன் திரும்பி வர வெகு நேரமாயிற்று.

அந்த மாரியிலேயே என் குரோட்டன்களைப் பிடுங்கிவிட்டுக் கிளா வைத்தேன். மனைவி ஒரு கிழமை பேசவில்லை. ஐந்து வருஷம் ஒன்றும் வரவில்லை. இந்த ஐப்பசியில், விடிய ஆறு மணிக்கு, பற்றைக்குள் அந்த இரட்டைக் குரல் கேட்டது. சாரனைப் பிடித்தபடி வேலிக்கு ஓடினேன்.

"ஐயா, வந்திட்டு."

அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரண்ணே வந்த?"

வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு, ஐயா வருவார் என்பதுபோல இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.