கோதண்டபாணிக்கு மல்லாட்டை

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்கூட்டியைத் தமிழ்நாட்டுப் பிரஜை ஆக்கிவிடுவது என்று சவரிராயன் முடிவெடுத்தான். முடிவெடுத்ததும் அவனுக்கே உடம்பு கொஞ்சம் சிலிர்த்தது.

வண்டி புதுச்சேரியில் வாங்கியது. அவனுக்கு அங்கே வேலை இருந்தபோது அங்கேயே பதிந்தது. அவன் வேலை பார்த்த நோட்டுப் புத்தகக் கிடங்கு திண்டிவனத்துக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகியும், அது புதுச்சேரி நம்பரோடு, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி வாசலில் ஒதுங்கி நின்றது. இங்கே புது நம்பர் வேண்டுமென்றால், பதிந்த ஆபீசிலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு காகிதம் வாங்கி வர வேண்டும். என்.ஓ.சி. என்பார்கள்.

கிடங்குக்குப் புதன்கிழமை விடுமுறை. முதல் புதன் போய் எழுதிக் கொடுத்தான். இரண்டாம் புதன் பத்தரை மணிக்கெல்லாம் காகிதம் கைக்கு வந்துவிட்டது. அரசாங்கம் இத்தனை சுறுசுறுப்பாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. மிச்சப் பகலை என்ன செய்வதென்று தெரியாமல் கடலோரச் சாலையில் வடக்கே வண்டியை விட்டான். பொம்மையார்பாளையம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு. அதற்கு அப்பால் கடல்.

அங்கே அவன் ஒன்றுமே செய்யவில்லை. குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, யாரையும் பார்க்கவில்லை. செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தான். சவுக்கு மரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சை விட்டுக்கொண்டிருந்தன. ஊசி இலைகளுக்கு நடுவே வானம் பொடிப்பொடியாக அசைந்தது. தூரத்தில் ஒரு கட்டுமரம். கண்ணை மூடித் திறந்தால் அது அதே இடத்தில் இருந்தது. மறுபடி மூடித் திறந்தான். அப்போதும் இருந்தது. கிடங்கு, பிள்ளைகளின் பரீட்சை, ஒழுகும் குழாய் எல்லாம் யாருடையதோ போலத் தோன்றின.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். வாசல் அறையில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி சூசை மேரி, "கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றது அவன் வாய். அவன் அதைத் தடுக்கவில்லை.

காகிதத்தைக் கல்யாண ஆல்பத்துக்குள் ஒளித்து வைத்தான். கல்யாணமாகிப் பதிமூன்று வருடமான வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது என்று நினைத்தான்.

அடுத்த புதனும் கடல். அதற்குச் சாக்காக ஓர் ஆள் தேவைப்பட்டது.

"இன்னாங்க, இன்னிக்கும் இல்லையா?"

"கிளார்க்கு வரல மேரி. கோதண்டபாணின்னு ஒருத்தரு. அவருகிட்டதான் சீலு இருக்குது."

"ஏன் வரலியாம்?"

"சுகரு ஏறிடுச்சாம்."

"பாவமே. வயசானவரா?"

"அம்பத்தாறு."

வயதைச் சொன்னதும் கோதண்டபாணிக்கு ஒரு முகம் வந்துவிட்டது. அடுத்தடுத்த புதன்களில் தோப்பில் படுத்தபடி சவரிராயன் அவருக்கு ஒரு வீடு கட்டினான். வாசலில் கொய்யா மரம் வைத்தான். அவர் மகளுக்கு வல்லத்தில் ஒரு வரன் பார்த்து, அது தட்டிப்போனதில் உண்மையிலேயே வருத்தப்பட்டான். எல்லாவற்றையும் சாயங்காலம் வந்து சொன்னான். சூசை மேரி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

ஐந்தாவது புதன் காலை அவள் ஒரு பையை நீட்டினாள்.

"மல்லாட்டை. வேக வெச்சது. கோதண்டபாணி சாருகிட்ட குடுங்க. வேலை ஜல்தி முடியும்."

மணலில் சாய்ந்துகொண்டு வேர்க்கடலையை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றான். பை காலியானபோது கடல் வெள்ளியாக இருந்தது.

"சாப்ட்டாரா?"

"ரசிச்சு சாப்ட்டாரு. உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மின்னாரு."

அடுத்த வாரம் உப்பு சரியாக இருந்தது.

பதினோராவது புதன். ஐந்து மணிக்கு வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"எப்படி இருக்காரு கோதண்டபாணி சாரு?"

"ரிடையராவப் போறாரு மேரி. அதான் பேஜாரு. புது ஆளு வந்து முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

"அந்த ஆபீசுல சவுக்கு மரம் இருக்குதா?"

"ஏன்?"

"வாரா வாரம் உங்க சட்டைக் காலர்ல ஊசி ஊசியா இருக்குது. துவைக்கறவ நான்தான?"

"வாசல்ல ஒண்ணு இருக்குது. கோதண்டபாணி நட்டது."

அவள் அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். ஏறக்குறைய மெச்சுகிற மாதிரி இருந்தது.

"எந்த நம்பர் வண்டிக்குங்க என்.ஓ.சி. கேட்டுக்கினு இருக்கீங்க?"

"இன்னா கேள்வி இது? நம்ம வண்டிக்குத்தான்."

"போயி நம்பரப் பாத்துட்டு வாங்க."

போனான். பின்னால் டி.என். பதினாறு என்று இருந்தது. முன்னால் போய்ப் பார்த்தான். அங்கேயும் அதேதான். யாருடைய வண்டியையோ ஓட்டிவந்துவிட்டோமோ என்று சீட்டைத் தடவினான். கிழிசலுக்குச் சூசை மேரி போட்ட ஒட்டுத் தையல் இருந்தது.

"எப்ப மேரி?"

"மூணு வாரம் ஆவுது."

மூன்று வாரமாக இந்த நம்பரோடு புதுச்சேரி எல்லையைத் தாண்டியிருக்கிறான். போன புதன் வெயிலுக்கு இந்தப் பலகையிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறான்.

"ஆல்பத்துல இருந்துது காயிதம். நாலாவது வாரமே பாத்துட்டேன்."

"அத எதுக்குத் தொறந்த?"

"புதன்கிழமையானா நீங்க கெளம்பிடறீங்க. பசங்களும் இஸ்கூலுக்குப் போயிடுதுங்க. கொஞ்ச நேரம் எடுத்து வெச்சுப் பாப்பேன்."

 அவன் வேறு பக்கமிருந்து மடக்கப் பார்த்தான்.

"என் கையெழுத்து?"

"நீங்க போட்டதுதான். ரெண்டு ஃபாரத்துல. காப்பி குடிச்சிக்கினே போட்டீங்க. எதுக்குன்னு கேக்கவேயில்ல."

"வண்டிய யாரு ஓட்டிக்கினு போனா?"

"எதிர்வீட்டு இளவரசி. நீங்கதான் கிடங்குக்கு நடந்து போயிடறீங்களே. நான் பின்னாடி உக்காந்துகினு போனேன். சேசிஸ் நம்பரு மேல பேப்பர வெச்சு பென்சிலால தேச்சு எடுக்கணும்னாங்க. நானே தேச்சேன். நல்லா விழுந்துதுன்னு இன்ஸ்பெக்டரே சொன்னாரு."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நாலாவது வாரமே தெரியும்ன்ற. அஞ்சாவது வாரந்தான மல்லாட்டை குடுத்த?"

"பகல் பூரா படுத்துக்கினு இருக்கற மனுசனுக்குப் பசிக்காதா?"

மிஷின் சிறிது தூரம் ஓடி நின்றது. அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப இனிமே புதன்கிழமை?"

"போங்க. யாரு வேணாம்னா? கடலப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போங்க. அவ்ளோதான்."

சவரிராயன் காதுகளை நம்பவில்லை. அந்த வாரம் முழுக்க ஜெயித்தவன் மாதிரி நடந்தான். கிடங்கில் நோட்டுக் கட்டுகளை அடுக்கும்போது அவனுக்குள் சவுக்கு அசைந்தது.

புதன் காலை, "கடலுக்குப் போறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

அதே தோப்பு, அதே இடம். படுத்தான். எறும்பு கடித்தது. ஊசி இலை கழுத்தில் குத்தியது. இத்தனை நாள் குத்தவில்லையா என்று யோசித்தான். சாயங்காலம் போய்ச் சொல்ல எதுவும் இல்லாததால் கோதண்டபாணியும் வரவில்லை. கொய்யா மரத்தை மட்டுமாவது நினைத்துப் பார்த்தான். அது இலையில்லாமல் நின்றது. வேறெங்கோ இருக்க வேண்டியவன் இங்கே கிடந்தபோது கடல் அவனுக்காக அசைந்தது. இப்போது அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டுமரம்கூட நகர்ந்து, ஒரேயடியாகப் பார்வையிலிருந்து போய்விட்டது. மூன்று முறை கடிகாரத்தைப் பார்த்தான். பத்து மணிக்கு எழுந்து மணலைத் தட்டினான்.

அவன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி பதினொன்று இருபது. உள்ளே இளவரசி தலை நிறையப் பூவோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நீலப் புடவையில் நின்ற சூசை மேரி கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. நாங்க ஒரு தபா கடலப் பாத்துட்டு வந்துடறோம். சோறு மூடி வெச்சிருக்குது. பசங்க நாலு மணிக்கு வந்தா காப்பி போட்டுக் குடுங்க."

அவன் சாவியைக் கொடுத்தான். அவள் இளவரசி பக்கம் திரும்பினாள்.

"பதினொன்னரைக்குள்ள வந்துடுவாருன்னு நான் சொல்லல?"