தெரியுதா முசியேவின் சின்னச் சக்கரம்

பந்தயக் காரை வைத்துக்கொண்டு, மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டாமலேயே புதுச்சேரியைக் கலங்கடித்த ஒரே மனிதர் எங்கள் தெரு ‘தெரியுதா முசியே’தான்; பிரெஞ்சில் முசியே என்றால் ஐயா. ஞானஸ்நானப் பெயர் கோயில் பதிவேட்டில் இருக்கலாம். தெருவுக்கு அது தேவைப்படவில்லை.

பிரெஞ்சு ராணுவத்தில் லாரி பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர். ஊருக்கு வந்ததும், யாரோ ஒரு பணக்காரர் இறக்குமதி செய்து அலுத்துப்போன நீலக் காரை வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கிற கார். இன்ஜினின் பலத்தை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் பங்கு பிரிக்க நடுவில் ஒரு டிஃபரன்ஷியல். அதை நம் இஷ்டத்துக்கு மாற்ற, கியர் கம்பிக்குப் பக்கத்தில் விரலால் உருட்டுகிற ஒரு சின்னச் சக்கரம். பின்னால் உருட்டினால் பங்கு தளர்ந்து பின் சக்கரங்களுக்கு அதிகம் போகும். முன்னால் உருட்டினால் இரண்டும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும்.

இதையெல்லாம் நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. அவர் பக்கத்து வீட்டில் குடியிருந்ததுதான் நான் செய்த பாவம். பத்து வருடமாக, ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வாசலில் ஹார்ன் அடிப்பார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய் முன் சீட்டில் உட்கார வேண்டும். தெருவுக்குத் தெரு ஓர் அளவு வைத்திருந்தார். கடற்கரை மணலுக்கு ஒன்று, சேதராப்பட்டு ஜல்லிக்கு ஒன்று. வேகத்தடைக்குக்கூட ஒன்று.

“தம்பி, இப்ப பின்னால விட்டுட்டேன். பின்சக்கரம் தள்ளுது பாரு. தெரியுதா?”

“தெரியுது முசியே.”

“எங்க தெரியுது?”

“இடுப்புல.”

அது எனக்கு ஏழு வருடமாக இருக்கிற பழைய இடுப்பு வலி.

சத்தியமாக எனக்கு எதுவும் தெரிந்ததில்லை. ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னேன். அதே திருப்பத்தை ஆறு தடவை சுற்றிக் காட்டினார். முனையில் இட்லி விற்கிற அம்மா மூன்றாவது சுற்றில் கையசைத்தார். ஆறாவது சுற்றில், “என்னாத்த தொலைச்சீங்க?” என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு பொய்தான்.

போன டிசம்பரில் பாரிசிலிருந்து அவர் மகள் மர்த்தீன் வந்தார்.

“பப்பாவுக்கு எழுபத்திரெண்டு ஆவுது அண்ணா. ஞாயித்துக்கெழம நானே கூட உக்காந்து பாக்கப் போறேன். சரியா ஓட்டலன்னா அன்னிக்கே வண்டிய வித்துடுவேன். ஆளுகூட பாத்துட்டேன்” என்றார்.

எனக்குள்ளே ஓர் அல்லேலூயா கேட்டது. இனி ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்கலாம்.

முசியே அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மகள் முன்னால், நான் பின்னால். “தம்பி வந்தே ஆவணும். அவனுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று பிடிவாதமாக என்னையும் ஏற்றியிருந்தார். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கினோம். மீன் பெட்டிகளிலிருந்து வழிகிற ஐஸ் தண்ணீரில் துறைமுகச் சாலை வழுக்கும். அதற்காக அவர் சின்னச் சக்கரத்தை முழுக்க முன்னால் உருட்டிப் பூட்டிவிடுவார். காய்ந்த ரோடு வந்ததும் தளர்த்துவார். பத்து வருடத்தில் மறந்ததே இல்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்த பதற்றத்தில் அன்றைக்குத் தளர்த்த மறந்துவிட்டார்.

எங்கள் ஊர்த் தெருக்களோ கோடு போட்டதுபோல் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறவை. திரும்பினால் சட்டென்று முழுதாகத் திரும்ப வேண்டும். பூட்டிய வண்டி காய்ந்த தாரில் அப்படித் திரும்ப முரண்டு பிடிக்கும். முதல் முனையில் முனகியது. இரண்டாவது முனையில் டயர் தரையைப் பிறாண்ட, வண்டி தத்தித் தத்தி நகர்ந்தது. வஞ்சிரம் பையோடு என் மடிக்கு வந்து சேர்ந்தது.

“பப்பா, நிறுத்துங்க! வண்டியும் போச்சு, உங்களாலயும் முடியல. போதும்.”

ஓரமாக நிறுத்தினார். கிளட்சை மிதித்துப் பார்த்தார், கியரை அசைத்துப் பார்த்தார். எங்கே தப்பு நடந்தது என்று அவருக்குப் பிடிபடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. பின் சீட்டிலிருந்து பார்த்தால் அந்தச் சின்னச் சக்கரம் நன்றாகத் தெரிந்தது. நான் சும்மா இருந்தால் போதும், தூக்கம் திரும்ப வந்துவிடும். ஆனால் இருக்க முடியவில்லை. அவர் அப்படித் தடுமாறுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை விட்டு, அவரைத் தவிர யாரும் தொட்டிராத சின்னச் சக்கரத்தை முழுக்கப் பின்னால் உருட்டினேன்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல மர்த்தீன். மீன் தண்ணிக்குப் போட்ட பூட்ட எடுக்க மறந்துட்டாரு, அவ்ளோதான். முசியே, நீங்க வண்டிய எடுங்க.”

எடுத்தார். அடுத்த முனையில் முனகல் இல்லை. பின்பக்கம் மெல்லத் தள்ளிக்கொடுக்க, வண்டி வழுக்கென்று திரும்பியது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“தெரியுதா?”

“தெரியுது முசியே” என்றேன். பத்து வருடத்தில் முதல் தடவையாக அது உண்மை.

வீட்டு வாசலில் இறங்கும்போது மர்த்தீன் தீர்ப்புச் சொன்னார்: “வாங்கறவர வரவேணாம்னு சொல்லிடறேன். ஆனா அண்ணா கூட இல்லாம நீங்க வண்டிய எடுக்கக் கூடாது பப்பா.”

எனக்கு ஆயுள் தண்டனை. அடுத்த ஞாயிறு அலுத்துக்கொண்டேதான் சட்டையை மாட்டினேன். ஆனால் பூசை முடிந்து ஐந்து நிமிடமாகியும் ஹார்ன் சத்தம் கேட்காதபோது, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவந்து நின்றேன்.