ஆறு மணி சிஸ்டர்

எமனே வந்தாலும் சாயங்காலம் நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் வந்தால்தான் வார்டுக்குள் விடுவாள். ஆறு அடித்தால், வந்த காரியம் முடியாவிட்டாலும் அவனை வெளியே துரத்திவிடுவாள். வேலூரில் 'ஆறு மணி சிஸ்டர்' என்றால் அப்படி ஒரு பேர். முப்பது வருஷ சர்வீஸில் யாருக்கும் ஒரு நிமிஷம் கூட்டிக் கொடுத்ததில்லை. எனக்கு அவள் அம்மா. அதனால் சலுகை ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்.

பார்க்க வந்தவர்களைக் கிளப்ப ஒரு பித்தளைக் கைமணி வைத்திருந்தாள். ரிட்டயர் ஆன அன்று அதையே பரிசாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புண்ணியவான்கள், எங்களைப் பற்றி யோசிக்கவே இல்லை! என் கல்யாண மேடையில் வாழ்த்துச் சொல்ல ஜனம் முண்டியடித்தபோது கணகணவென்று ஆட்டினாள்.

"ரெண்டு ரெண்டு பேரா வாங்க! பேஷண்ட்டுக்குக் காத்து வரணும்!"

பேஷண்ட் நான்தான்.

வீட்டுக்கு ஜெபிக்க வந்த பாஸ்டர் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு உலக நாடுகளுக்கெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்கா முடிந்து ஐரோப்பா தொடங்கும்போது ஆறு ஆகிவிட்டது. மணி அடித்தது. "ஐயா, மிச்ச நாடெல்லாம் நாளைக்கு. ஆமென் சொல்லுங்க." அவரும் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவள் பாத்ரூமில் இரண்டு தடவை விழுந்தாள். இரண்டாம் தடவை இடுப்பு எலும்பு போயிற்று. நான் விடிந்ததும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஓடுகிறவன். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். பகலெல்லாம் அம்மா தனி. கணியம்பாடி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தை அவளே விசாரித்து, அவளே பேசி முடித்துவிட்டு எனக்குச் சொன்னாள்.

"பெத்தவள ஹோம்ல கொண்டுபோய் விட்டான்னு தெருவே காறித் துப்பும்மா."

"தெருவா வந்து என்னைத் தூக்கப் போவுது? பேஜார் பண்ணாதடா. அட்மிஷன் போட்டாச்சு."

"டிஸ்சார்ஜ் எப்போ?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"டிஸ்சார்ஜ் இல்ல," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

சேர்த்த அன்று அந்த இல்லம் பட்ட பாடு! சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே படுக்கை விரிப்பை உருவி, மூலையை மறுபடி மடிக்கச் சொன்னாள். ஜன்னலில் விரலை ஓட்டித் தூசியைக் காட்டினாள். "வாங்க பாட்டி" என்ற மேட்ரனிடம், "சிஸ்டர்னு கூப்பிடும்மா" என்றாள். நான் தண்ணீர் பாட்டிலை நிரப்பினேன். அதைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன். ஃபேன் ரெகுலேட்டரை எப்படித் திருப்புவது என்று மூன்று முறை விளக்கினேன். கிளம்பக் கால் வரவில்லை.

ஆறு மணி. தலையணைக்கடியிலிருந்து மணியை எடுத்து ஆட்டினாள் பாருங்கள், மற்றவர்களைப் பார்க்க வந்திருந்த பிள்ளைகளும் பேரன்களும் அலறியடித்து எழுந்து செருப்பைத் தேடினார்கள். மேட்ரனே கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டார்.

"அம்மா, இன்னும் அஞ்சே நிமிஷம்..."

"இந்தப் பேச்செல்லாம் முப்பது வருஷமா கேட்டவ நான். நடடா."

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அழுதேன். கல்நெஞ்சுக்காரி என்று திட்டிக்கொண்டேதான் அழுதேன்.

அப்புறம் ஞாயிறு தவறாமல் போகிறேன். நாலுக்குப் போனால் ஆறுக்கு மணி, இம்மி பிசகாது. போன ஞாயிறு மேட்ரன் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கெழமன்னா ரெண்டு மணிக்கே நல்ல புடவையா கட்டிக்கினு ஒக்காந்துடுறாங்க சார். இன்னிக்கு மதியம் சாப்புடவும் இல்ல."

நான் அதை அம்மாவிடம் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தோம். சுவர்க் கடிகாரத்தில் ஆறு ஆனது. ஆறு ஐந்து. ஆறேகால். சத்தத்தைக் காணோம். குனிந்து பார்த்தேன். மணி அவள் மடியில்தான் இருந்தது. அதன் நாக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆறு தாண்டிடுச்சு."

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மணியடிக்க டூட்டி சிஸ்டர் இன்னும் வரலடா. ஒக்காரு."

உட்கார்ந்தேன். வேலூர் பஸ் ஒன்று போனது. அடுத்ததும் போனது. பஸ்ஸை விட்டதற்கும் என்னைத்தான் திட்டினாள். பிடித்த என் கையை மட்டும் விடவில்லை.